ஆப்பிள் டோனட்: சர்க்கரையைக் குறைத்தால் எதெல்லாம் கெடும், எதை வைத்து ஈடு கட்டுவது?

சல்லடை | செப்டம்பர் 3

ஆப்பிள் டோனட்டுக்குத் தனியாகச் சர்க்கரையே வேண்டாம், ஒரு லிட்டர் ஆப்பிள் ஜூஸைக் கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சி மாவில் ஊற்றிப் பிசைந்தால் இனிப்புக்கு இனிப்பும் ஆச்சு, வாசனைக்கு வாசனையும் ஆச்சு என்று பார்க்கிற குறிப்பிலெல்லாம் இருக்கிறது. அப்படிச் செய்தால் மேல்பக்கம் ஒரு நிமிடத்துக்குள் கறுக்கிறது, நடுவில் வேகாமல் பிசுபிசுக்கிறது, ஆப்பிளுக்குப் பதில் பாகு ருசிதான் தெரிகிறது. ஜூஸைக் குறைப்பதா, தீயைக் குறைப்பதா?

தராசு | செப்டம்பர் 3

முதலில் அது சர்க்கரை குறைந்த டோனட்டே இல்லை. ஆப்பிள் ஜூஸ் 100 மி.லி.யில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு லிட்டர் என்றால் 100 கிராம். கால் லிட்டராகச் சுண்டும்போது வெளியே போவது தண்ணீர் மட்டும்தான். 100 கிராம் சர்க்கரையும் சட்டியிலேயே இருக்கிறது. டப்பாவிலிருந்து கொட்டாமல் பாட்டிலிலிருந்து ஊற்றியிருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பழச்சாறு, பழச்சாற்றுச் செறிவு, தேன் எல்லாம் சேர்த்த சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வருகின்றன. முழுப்பழத்தின் சர்க்கரை அந்தக் கணக்கில் வராது.

கறுப்பதற்குக் காரணமும் அதே ஜூஸ்தான். ஆப்பிளின் சர்க்கரையில் பாதிக்கு மேல் ஃப்ரக்டோஸ், அதாவது பழச்சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை 160 டிகிரி வாக்கில்தான் கருகத் தொடங்கும். ஃப்ரக்டோஸுக்கு 110 போதும். போதாததற்கு, மாவுப் புரதத்தோடு சேர்ந்து நிறம் பிடிக்கிற வேலையிலும் ஃப்ரக்டோஸ் நேராக இறங்கிவிடும். வெள்ளைச் சர்க்கரை உடைந்த பிறகுதான் இறங்கும். ஆக 180 டிகிரி எண்ணெயில் மேலோடு முந்திக்கொள்கிறது, நடு பின்தங்குகிறது.

தராசு | செப்டம்பர் 3, சற்று நேரம் கழித்து

வாசனை பற்றி விட்டுப்போயிற்று. வேகாத ஆப்பிளின் வாசனை எஸ்டர்கள் என்ற மணப்பொருள்களிலிருந்து வருகிறது. அவை எளிதில் ஆவியாகிப் போகிறவை. ஜூஸ் கொதிக்கும்போது சமையலறை முழுக்க மணக்கிறதே, அந்த மணம் டோனட்டுக்கு வராமல் போன மணம். மூடாமல் முக்கால் மணி நேரம் காய்ச்சினால் மிஞ்சுவது வெந்த ஆப்பிள் வாசனை மட்டும். அதுவும் நல்ல வாசனைதான், ஆனால் பட்டையோடு சேரும்போது பட்டைதான் ஜெயிக்கும்.

எண்ணெய்ச்சட்டி | செப்டம்பர் 4

அப்போ பழத்தைத் துருவிப் பச்சையாகவே மாவில் போட்டால்?

தராசு | செப்டம்பர் 4

போடலாம், ஆனால் ஆப்பிளில் 86 சதம் தண்ணீர். 100 கிராம் துருவல் போட்டால் 86 மி.லி. தண்ணீரை மாவுக்குள் ஒளித்து வைத்த மாதிரி. பிசையும்போது தெரியாது. உப்பும் சர்க்கரையும் பட்டுப் பத்து நிமிடத்தில் கசியத் தொடங்கும், மாவு தளரும், தளருகிறதே என்று மைதா தூவுவோம், டோனட் கல்லாகும். துண்டுகளாகப் போட்டால் வேறு தொல்லை: எண்ணெயில் துண்டு ஆவி கக்கி மேலோட்டைப் பிளக்கும், எண்ணெய் தெறிக்கும். முகத்துக்கு அருகில் நடக்கிற விஷயம், விளையாட்டில்லை.

துண்டு வேண்டும் என்றே இருந்தால், 5 மி.மீ. கனத்துக்கு நறுக்கி, எண்ணெய் இல்லாத தவாவில் பாதி எடை ஆகும்வரை வாட்டி, ஆறவிட்டு, மைதாவில் புரட்டிச் சேர்க்கவும். 300 கிராம் மைதாவுக்கு வாட்டிய எடையில் 60 கிராம் தாண்டினால் வளையம் வெட்டும்போதே கிழியும்.

மற்றபடி தோலோடு வேகவைத்து, மசித்து, சலித்துக் கெட்டியாக்கிய விழுதுதான் தோது. வாசனையில் பெரும்பங்கு தோலிலும் தோலை ஒட்டியும் இருக்கிறது. தோலைச் சீவி எறிந்துவிட்டு எஸன்ஸ் பாட்டிலைத் தேடுவதில் அர்த்தமில்லை.

நொதி | செப்டம்பர் 6

ஒரே அடியாகச் சர்க்கரையைக் குறைக்க வேண்டுமென்றால் பேக்கிங் பவுடர் டோனட்டை விட்டுவிட்டு ஈஸ்ட் டோனட்டுக்கு வாருங்கள். கேக் டோனட்டில் மைதாவின் எடையில் 25 முதல் 45 சதம்வரை சர்க்கரை போகிறது. ஈஸ்ட் மாவுக்கு 6 சதம் போதும். அதிலும் ஒரு பங்கை ஈஸ்ட்டே தின்றுவிடும்.

மைதா 400 கிராம், பால் 200 மி.லி., முட்டை 1, மஞ்சள் கரு 1, வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 24 கிராம், பால்பவுடர் 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், உப்பு 7 கிராம். நன்றாகப் பிசைந்து, இரட்டிப்பாகும்வரை (ஒன்று, ஒன்றரை மணி நேரம்) வைத்து, 1.2 செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, நடுவில் துளை இல்லாத வட்டமாக வெட்டி, மறுபடி 30–40 நிமிடம் உப்பவிட்டு, 175 டிகிரியில் பக்கத்துக்கு 75 நொடி வாக்கில். இடுப்பில் வெளிர் வளையம் விழுந்தால் சரியாக உப்பியிருக்கிறது என்று அர்த்தம். ஆறிய பிறகு பக்கவாட்டில் துளைத்துச் சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் விழுது 20 கிராம் உள்ளே.

பட்டைத்தூளை மட்டும் மாவில் போட்டுவிடாதீர்கள். பட்டையின் காரமான எண்ணெய் ஈஸ்ட்டை முடக்கும். ஒரு மணி நேரத்தில் உப்ப வேண்டியது இரண்டு மணி நேரமானாலும் அசையாது. பட்டையை விழுதில் போடுங்கள், இல்லை மேலே தூவுங்கள்.

தராசு | செப்டம்பர் 6

இதில் பால்பவுடருக்குத் தனி வேலை இருக்கிறது, அதையும் சொல்லியிருக்கலாம். பால் சர்க்கரையை ரொட்டி ஈஸ்ட்டால் தின்ன முடியாது. மற்றதெல்லாம் தீர்ந்தாலும் லாக்டோஸ் அப்படியே மிஞ்சும், எண்ணெயில் நிறம் கொடுக்கும். இனிப்பு மிகக் குறைவு, நிறத்துக்கு மட்டும் ஆள். சர்க்கரை குறைத்த எந்த டோனட்டிலும், ஈஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இது முதல் உதவி.

சல்லடை | செப்டம்பர் 7

ஈஸ்ட் வேண்டாம். பிட்டால் உதிர்கிற, கேக் மாதிரியான டோனட்தான் வேண்டும். அதில் சர்க்கரையைப் பாதியாக்கினால் ரப்பராக இருக்கிறது. இனிப்பு குறைந்தால் இனிப்புத்தானே குறைய வேண்டும்?

தராசு | செப்டம்பர் 8

சர்க்கரை அங்கே இனிப்புக்காக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. மைதாவுக்குப் போக வேண்டிய தண்ணீரைத் தான் இழுத்துக்கொண்டு க்ளூட்டன் (மைதாவின் இழுவைப் புரதம்) இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. ஸ்டார்ச் கெட்டிப்படுகிற சூட்டை உயர்த்தி, டோனட் உப்ப அவகாசம் தருகிறது. கரைந்து பாகாகி மாவைத் தளர்த்துகிறது, அதாவது திரவக் கணக்கிலும் அதற்குப் பங்கு உண்டு. நிறம் தருகிறது. மறுநாள்வரை ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஆளை எடுத்துவிட்டால் ஒவ்வொரு வேலைக்கும் வேறு ஆள் போட வேண்டும்.

இறுகுவதற்கு: மைதாவில் 12 சதம்போல் எடுத்துவிட்டுச் சோள ஸ்டார்ச் (வெள்ளையாக, தொட்டால் கிறீச்சிடும் அந்த மாவு, மஞ்சள் மாவு அல்ல). கூடவே ஒரு மஞ்சள் கரு அதிகம். பிசையவே கூடாது. உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சர்க்கரை அதிகமான மாவு நாலு சுற்று கூடப் பிசைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது.

தளர்வுக்கு: 100 கிராம் சர்க்கரையைக் குறைத்தால் 25–30 மி.லி. திரவம் கூட்ட வேண்டும். ரப்பர் என்று புகார் வருகிற பெரும்பாலான இடங்களில் இதை விட்டிருப்பார்கள்.

ஈரத்துக்கு: ஆப்பிள் விழுதின் பெக்டின் (தண்ணீரைப் பிடித்து வைக்கிற நார்). இது ஒன்றுதான் சும்மா கிடைக்கிற லாபம். அதிலும் அளவு மீறினால் நடு களியாகும்.

எண்ணெய்ச்சட்டி | செப்டம்பர் 8

சர்க்கரை குறைந்தால் எண்ணெய் குடிப்பதும் குறையும், அதையும் லாபக் கணக்கில் எழுதுங்கள். இனிப்பு தூக்கலான மாவு எண்ணெயில் பரந்து விரியும், உறிஞ்சும். இந்த மாவு வெட்டின வடிவத்திலேயே நிற்கும்.

தராசு | செப்டம்பர் 11

முழு அளவு வேண்டுபவர்களுக்கு. 14 டோனட், ஒன்று 50 கிராம்.

விதை நீக்கி, தோலோடு நறுக்கிய ஆப்பிள் 300 கிராம். 60 மி.லி. தண்ணீர் விட்டு மூடி 12–15 நிமிடம் வேகவைத்து, கம்பிச் சல்லடையில் தேய்த்து, அகலமான தவாவில் 110 கிராம் ஆகும்வரை கிளறவும். தராசில் வைத்துப் பாருங்கள், கண்ணளவு வேண்டாம். 130-ல் நிறுத்தினால் மாவு ஒட்டும், 90-க்கு இறங்கினால் உதிரும். கரண்டியால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். முழுக்க ஆறவிடவும்.

மைதா 300 கிராம் (புரதம் 9–10 சதம் போதும், ரொட்டி மாவு கூடாது), சோள ஸ்டார்ச் 40, பால்பவுடர் 20, பேக்கிங் பவுடர் 10, சமையல் சோடா அரை கிராம், உப்பு 4, ஜாதிக்காய்த் துருவல் அரை கிராம், பட்டைத்தூள் 2. எல்லாம் சேர்த்து இரண்டு முறை சலிக்கவும்.

வேறு பாத்திரத்தில் முட்டை 1, மஞ்சள் கரு 1, சர்க்கரை 35 கிராம், உருக்கி ஆறிய வெண்ணெய் 30, கடைந்த தயிர் 90, ஆப்பிள் விழுது. கலக்கி மாவில் ஊற்றி, கரண்டியால் மடித்துச் சேர்க்கவும். 15 நிமிடம் மூடி வைத்தால் ஒட்டுகிற மாவு கையாளத் தோதாகும். முதல் நிமிடத்திலேயே மைதா தூவ ஆரம்பித்துவிடாதீர்கள்.

மாவு தூவிய பலகையில் 1.2 செ.மீ. கனத்துக்கு, தேய்ப்பதைவிடக் கையால் தட்டி விரிக்கவும். 7.5 செ.மீ. வளையம், 2.5 செ.மீ. துளை. அச்சை நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகினால் விளிம்பு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உப்பும். வெட்டிய மிச்சத்தைத் திரும்பத் திரட்டினால் இரண்டாவது ஈடு நிச்சயம் இறுகும். மிச்சத்தைச் சிறு உருண்டையாகவே போட்டுவிடுவது மேல். அடியில் ஒட்டிய மாவைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு எண்ணெயில் விடவும். அந்தத் தூள்தான் அடியில் கருகி, மூன்றாவது ஈட்டிலிருந்து கசப்பு ஏற்றும்.

சர்க்கரைக் கணக்கு: மாவில் சேர்த்தது 35, ஆப்பிளிலிருந்து சுமார் 30. ஒன்றுக்கு 4.6 கிராம். மேல்பூச்சு தனி, பிறகு எழுதுகிறேன். வழக்கமான முறையில் 440 கிராம் மைதாவுக்கு 200 சர்க்கரை, கூடவே சுண்டிய ஜூஸ். 18 டோனட் என்று பிரித்தால் அந்த 200-லிருந்து மட்டும் ஒன்றுக்கு 11, மேலே புரட்டுவது இன்னும் 8.

நொதி | செப்டம்பர் 11

தயிரும் ஆப்பிளும் இருக்கிற மாவுக்குச் சோடா அரை கிராம்தானா? எல்லாக் குறிப்பிலும் அரை டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் என்று இருக்கிறதே.

தராசு | செப்டம்பர் 12

வேண்டுமென்றே குறைத்ததுதான். ஆப்பிள் ருசி என்று நாக்கு அடையாளம் காண்பதில் பாதி புளிப்பு, அதாவது மாலிக் அமிலம். நடுத்தரமான பழத்தில் அரை சதம் என்று வைத்தால் 300 கிராமில் 1.5 கிராம். ஒரு கிராம் சோடாவை அணைக்க 0.8 கிராம் மாலிக் அமிலம் போதும், ஆகவே அந்த 1.5 கிராம் ஏறக்குறைய 1.9 கிராம் சோடாவோடு தீர்ந்துவிடும். தயிர் 90 கிராமில் லாக்டிக் அமிலம் முக்கால் கிராம்போல. அது இன்னொரு 0.7 கிராம் சோடாவுக்குச் சரி. கூட்டினால் ஏறக்குறைய இரண்டரை கிராம். அரை டீஸ்பூன் சோடாவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆக அரை டீஸ்பூன் போட்டால் ஆப்பிளின் புளிப்பு மொத்தமும் காற்றாகிப் போகிறது. ஒரு டீஸ்பூன் போட்டால் மேற்கொண்டு சோப்பு ருசியும் சேர்கிறது. சர்க்கரை நிறைய இருக்கிற டோனட்டில் இது மறைந்துவிடும். குறைத்த டோனட்டில் சப்பென்று தெரியும், ஆப்பிளே போடவில்லையா என்று கேட்பார்கள்.

சுத்தமாக நீக்கவும் முடியாது. அமிலம் மிஞ்சிய மாவு எண்ணெயில் வெளுப்பாகவே நிற்கும், சோடாவின் காரத்தன்மை இருந்தால்தான் நிறம் ஏறும். அரை கிராம் என்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். அரை கிராம் நிறுக்கத் தராசு இல்லையென்றால் கால் டீஸ்பூனைத் தட்டி அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாக.

தராசு | செப்டம்பர் 12

இதன் பின்விளைவு ஒன்று. மிஞ்சிய அமிலம் பேக்கிங் பவுடரின் சோடாவையும் கிண்ணத்திலேயே கிளப்பிவிடும். மாவு 15 நிமிடம் ஓய்ந்த பிறகு அடுத்த 20–25 நிமிடத்துக்குள் எண்ணெயில் போய்விட வேண்டும். முன்கூட்டியே செய்து வைக்க வேண்டுமென்றால் உலர்ந்த கலவை தனி, ஈரக் கலவை தனி. சேர்த்த மாவை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் தட்டையான வளையம்தான் கிடைக்கும்.

சல்லடை | செப்டம்பர் 19

செய்தாயிற்று, ரப்பர் போய்விட்டது. புளிப்பும் லேசாகத் தெரிகிறது. நிறம்தான் மஞ்சள் வெளுப்பு. நிறம் வரும்வரை விட்டால் உள்ளே வறண்டுபோகிறது. பழம் ஃபூஜி.

எண்ணெய்ச்சட்டி | செப்டம்பர் 19

எண்ணெய் எவ்வளவு சூடு, ஒரு ஈட்டுக்கு எத்தனை போட்டீர்கள்? 180 என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் மாவு போடுவதற்கு முன் இருக்கிற சூட்டைச் சொல்கிறார்கள். அகலமான அடிகனச் சட்டியில் ஒன்றரை லிட்டர் எண்ணெய், ஆழம் 6 செ.மீ., அதில் மூன்று டோனட் போட்டாலே 172–174-க்கு இறங்கும். ஐந்து போட்டால் 160. அங்கே நிறமும் வராது, எண்ணெயும் ஏறும்.

சர்க்கரை குறைந்த மாவுக்கு 185-ல் தொடங்கி, போட்டதும் தீயைக் கூட்டி, 175-க்குக் கீழே போகாமல் பிடித்து வையுங்கள். முதல் பக்கம் 80 நொடி, திருப்பி 65 நொடி. ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும். தெர்மாமீட்டர் முனை சட்டியின் அடியில் பட்டுக்கொண்டிருந்தால் 10 டிகிரி அதிகம் காட்டி ஏமாற்றும். எண்ணெயின் நடு ஆழத்தில் தொங்க வேண்டும்.

வெந்ததா என்று நிறத்தை வைத்துப் பார்க்காதீர்கள். நடுவில் 94–96 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது, வெளியே எந்த நிறமாக இருந்தாலும் எடுத்துவிடலாம். அதற்கு மேல் இருக்கிற ஒவ்வொரு 10 நொடியும் வறட்சி.

எண்ணெய்ச்சட்டி | செப்டம்பர் 19

எடுத்த பிறகு நடப்பதையும் கவனியுங்கள். டோனட் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் சட்டிக்குள் அல்ல, வெளியே வந்து ஆறும்போது. உள்ளே ஆவி இருக்கிறவரை அது எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. சூடு தணிந்ததும் மேலே ஒட்டியிருப்பதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் ஜல்லிக்கரண்டியோடு எண்ணெய்க்கு மேலேயே இரண்டு உதறு, உடனே தாளில் இரண்டு பக்கமும் ஒற்றி, பிறகு கம்பித் தட்டு. தாளிலேயே விட்டுவிட்டால் அடி நமுத்துவிடும்.

தராசு | செப்டம்பர் 20

நிறத்துக்கு இன்னும் ஒரு வழி: பால்பவுடரை 20-லிருந்து 30-க்கு ஏற்றி, தயிரை 10 மி.லி. கூட்டுங்கள். ஃபூஜி, கலா, ரெட் டெலிஷியஸ் எல்லாம் புளிப்பு குறைந்த பழங்கள். அவற்றுக்குச் சோடாவைக் கூட்டி நிறம் வாங்கப் பார்த்தால் இருக்கிற கொஞ்சம் புளிப்பும் போகும். கிரானி ஸ்மித் என்றால் புளிப்பு தாராளம், அங்கே சோடா முக்கால் கிராம்வரை போகலாம். இரண்டு வகையையும் பாதிப் பாதி கலந்து வேகவைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஒன்று மணத்துக்கு, ஒன்று புளிப்புக்கு.

செம்பழுப்பு வேண்டுமென்று துரத்தவும் வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் மாவிலிருக்கிற அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ் வகைச் சர்க்கரைகளும் சேர்ந்து, உடலுக்கு ஆகாது என்று கருதப்படும் அக்ரிலமைடு உருவாகும். 2002-ல் ஸ்வீடனில் கண்டுபிடித்துச் சொன்ன சங்கதி. நிறம் ஏற ஏற அதுவும் ஏறும். ஆப்பிள் விழுதில் அந்தச் சர்க்கரைகள் இருக்கவே இருக்கின்றன. பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நொதி | செப்டம்பர் 20

பொரித்த டோனட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் உடல்நலக் குறிப்பு! நல்லது, நடக்கட்டும்.

தராசு | செப்டம்பர் 27

மேல்பூச்சு. மிச்சம் பிடித்த சர்க்கரையில் கொஞ்சத்தைச் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். நாக்கு முதலில் தொடுவது மேற்பரப்பை. மேலே இருக்கிற 2 கிராம், உள்ளே கரைந்த 5 கிராமைவிட அதிகமாக இனிக்கும். மாவில் இன்னும் 10 கிராம் குறைத்துவிட்டு மேலே 5 கிராம் கூட்டினாலும் சாப்பிடுகிறவர் இனிப்பு குறைந்ததென்று சொல்ல மாட்டார்.

பொடித்த (மாவாக அல்ல, நைஸ் ரவை பதத்தில்) சர்க்கரை 30 கிராம், பிஸ்கட் நிறத்துக்கு வறுத்த பால்பவுடர் 15, உறைபனியில் உலர்த்திய ஆப்பிளைப் பொடித்தது 10, பட்டைத்தூள் 3, மாலிக் அமிலம் அரை கிராம், உப்பு ஒரு சிட்டிகை. ஒரு டோனட்டுக்கு 3.5 கிராம் ஒட்டும். அதில் சர்க்கரை 2 கிராமுக்குச் சற்று மேல், ஆப்பிள் பொடியின் சர்க்கரையையும் சேர்த்து. மாவோடு கூட்டினால் மொத்தம் ஒன்றுக்கு 7 கிராமுக்குள். வழக்கமானதில் 20-க்கு மேல்.

மாலிக் அமிலத்தை மாவில் போடாமல் இங்கே போடுவதற்குக் காரணம் மேலே சோடாக் கணக்கிலேயே இருக்கிறது. உலர்ந்த பூச்சில் அதோடு மல்லுக்கு நிற்க யாருமில்லை. ஆனால் அரை கிராமைத் தாண்டினால் மிட்டாய்ப் புளிப்பு வந்துவிடும்.

பால்பவுடரை வறுக்கும்போது தீ மிகக் குறைவாக, கை நிற்காமல் நாலைந்து நிமிடம். நிறம் மாறத் தொடங்கியதும் சட்டியிலிருந்தே மாற்றிவிட வேண்டும், சட்டியின் சூட்டிலேயே கருகிவிடும்.

நேரம்: எடுத்து ஒன்றரை நிமிடம். உடனே புரட்டினால் ஆவியில் சர்க்கரை கரைந்து பசையாகும், ஐந்து நிமிடம் போனால் ஒட்டாது. கிண்ணத்தில் போட்டுக் குலுக்காதீர்கள், 8 கிராம் ஒட்டிக்கொள்ளும். தட்டில் பரப்பி மேல்பக்கத்தை மட்டும் அழுத்தி எடுக்கவும்.

எண்ணெய்ச்சட்டி | செப்டம்பர் 28

உறைபனியில் உலர்த்திய ஆப்பிள் என்றால் அதுவும் சர்க்கரைதானே? முதல் நாள் ஜூஸுக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாதா?

தராசு | செப்டம்பர் 28

பொருந்தும். எடையில் எழுபது சதம்போல் சர்க்கரைதான். ஆனால் இங்கே ஒரு டோனட்டுக்குப் போவது அரை கிராம் பொடி, ஜூஸில் போனது டோனட்டுக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை. இது சூட்டில் காய்ச்சாமல் உலர்த்தியது, எனவே வேகாத ஆப்பிள் வாசனை ஓரளவு மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் போடுகிறோம், இனிப்புக்காக இல்லை. காற்றுப் பட்டால் அரை மணி நேரத்தில் கட்டி தட்டிவிடும். புரட்டுகிற நேரத்தில் பொடிக்கவும்.

சல்லடை | அக்டோபர் 5

சர்க்கரைக்குப் பதில் எரித்ரிட்டால், ஸ்டீவியா?

தராசு | அக்டோபர் 5

மாவில் இருக்கிற 35 கிராமுக்காகவா? தேவையில்லை. ஆனால் கேட்டதால்.

எரித்ரிட்டால் நிறம் பிடிக்காது, ஆறினால் மறுபடி படிகமாகி நறநறக்கும். கரையும்போது வாயில் குளிர்ச்சி தரும். புதினாவுக்குப் பொருந்துகிற குளிர்ச்சி பட்டைக்குப் பொருந்தாது. மேல்பூச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அல்லுலோஸ் என்ற இன்னொரு மாற்றுச் சர்க்கரை நேர் எதிர்: இனிப்பு சர்க்கரையில் 70 சதம், நிறம் மட்டும் தலைதெறிக்க ஏறும். வெளுப்புப் பிரச்சினைக்கு 35-ல் 10 கிராமை மட்டும் அல்லுலோஸாக மாற்றினால் நன்றாகவே வேலை செய்யும். முழுக்க மாற்றினால் எண்ணெயை 165–170-க்கு இறக்க வேண்டும், இறக்கினால் எண்ணெய் குடிக்கும். எல்லா நாட்டிலும் விற்க அனுமதியும் இல்லை. ஸ்டீவியாவுக்குக் கனம் கிடையாது, பின்கசப்பு உண்டு. அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும்.

நொதி | அக்டோபர் 6

உடல் எடைக்காக இதையெல்லாம் தேடுகிறவர்களுக்கு: எடைக் கட்டுப்பாட்டுக்காகச் சர்க்கரையில்லா இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஸ்டீவியா, அஸ்பார்டேம் அதில் வரும். எரித்ரிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் அந்தப் பரிந்துரையில் வராது.

சல்லடை | அக்டோபர் 19

அல்லுலோஸ் 10 கிராம், பழம் பாதிப் பாதி. நிறம் சரி. மறுநாள் காலையில் கெட்டியாகிவிடுகிறது, பூச்சும் ஈரமாகி வழிகிறது. காற்றுப்புகாத டப்பாவில்தான் வைத்தேன்.

எண்ணெய்ச்சட்டி | அக்டோபர் 19

டப்பாதான் காரணம். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வந்து பூச்சைக் கரைக்கிறது, போக வழியில்லை. பூச்சு போடாமல், முழுக்க ஆறிய பிறகு, தாள் விரித்த டப்பாவில் மூடியைச் சற்றே தளர்த்தி வையுங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வேண்டாம், ஸ்டார்ச் அங்கேதான் சீக்கிரம் இறுகும். ஒரு நாளைக்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்.

தராசு | அக்டோபர் 20

சூடாக்க 160 டிகிரி ஓவனில் 5–6 நிமிடம், ஃப்ரீசரிலிருந்து எடுத்ததென்றால் 9–10. மைக்ரோவேவ் 15 நொடி மிருதுவாக்கும், ஆனால் ஓடு தொய்ந்துவிடும், ஆறினால் முன்னைவிடக் கல். ஓவனிலிருந்து எடுத்ததும் மேல்பக்கத்தில் உருக்கிய வெண்ணெயைப் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு, பிறகு பூச்சில் அழுத்துங்கள். பொரித்த அன்று எண்ணெய் ஈரத்தில் ஒட்டியது, மறுநாள் வெண்ணெய் இல்லாமல் ஒட்டாது.

இறுகும் நேரத்தைத் தள்ளிப்போட, 35 கிராம் சர்க்கரையில் 8 கிராமைத் தேனாக மாற்றலாம். நிறமும் ஒரு படி ஏறும், அதனால் அல்லுலோஸையும் தேனையும் ஒரே மாவில் போடாதீர்கள். ஏதாவது ஒன்று.